கேஸுக்கு மாறிய காரணம்

வராத புகையை விற்று நான் சில வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலைச் செய்யும் ஒரே கம்பெனி நம்முடையதுதான் என்று எங்கள் முதலாளி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி என்பது ஸ்டாச்சு சந்திப்புக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த ஒற்றை அறை. மூன்று மேசை, ஒழுகும் ஏசி, அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு டுடோரியல் கல்லூரிகளில் தொண்டை வறளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாளிகூட கௌரவமாகத்தான் தெரிந்தது.

தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தன. அங்கே குறைக்கச் செலவு அதிகம். அதனால் நம்மைப் போன்ற நாட்டில் யாராவது குறைத்தால், அந்தக் குறைவை விலைக்கு வாங்கித் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்துக்கொண்டார்கள். நிலக்கரியோ கறுப்பு எண்ணெயோ எரிக்கும் ஆலை கேஸுக்கு மாறினால் புகை குறையும். கேஸ் ஒன்றும் துளசித் தீர்த்தமில்லை. அதுவும் பூமிக்கு அடியிலிருந்து வருவதுதான், எரிந்தால் அதுவும் கரியமில வாயுதான். மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. அந்தக் கொஞ்சத்துக்கு வெளிநாட்டில் ஆள் காசு கொடுத்தான், கார்பன் கிரெடிட் என்று அதற்குப் பெயர். அவனுக்கு வேண்டிய காகிதங்களை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை.

நம் நாடு தன் பங்குக்குக் குறைப்பதாக ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. டில்லியிலிருந்து வருகிறவர்கள் கருத்தரங்குகளில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை. பந்தியில் முதலில் உட்கார்ந்து பாயசம்வரை வழித்துச் சாப்பிட்டவன், இப்போதுதான் இலை போட்டவனைப் பார்த்து அரைவயிற்றோடு எழுந்திரு என்று சொல்வதை நானும் பொறுக்கமாட்டேன். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிவிட்டு அதே வாயால், "அதனால் நமக்கு நிலக்கரிதான், கேஸெல்லாம் வசதி உள்ளவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்று முடிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலக்கரி மலிவு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். யார் வீட்டு ஜன்னலை ஒட்டி அதை எரிக்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் படத்தில் இருக்காது. சாயங்காலம் கோவளத்துக்குக் கார் தயாராக நிற்கும்.

காசு கிடைக்க ஒரு விதி உண்டு. அந்த விதியின் பெயர் அடிஷனாலிட்டி. தமிழில் அதற்கு ஒரு வார்த்தை தேட எனக்கு மனம் வந்ததே இல்லை. அர்த்தம் மட்டும் சொல்கிறேன். நீ எப்படியும் செய்திருக்கக்கூடிய ஒன்றுக்குக் காசு கிடையாது. கேஸுக்கு மாறினது உனக்கு லாபமென்றால் லாபத்தையே வைத்துக்கொள், போ. நஷ்டம் என்று தெரிந்தும், இந்தக் காசும் வரும் என்ற நம்பிக்கையில் மாறினாய் என்று நிரூபித்தால்தான் உண்டு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். நடப்பில் என்ன ஆனதென்றால், ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதலாளிகளெல்லாம் எங்கள் மாடிப்படி ஏறிவந்து, தாங்கள் எப்படி அழியப்போகிறோம் என்று அழக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தது நான்.

இந்த விதியில்தான் என் அத்தான் போய் விழுந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லை தாண்டினால் தமிழ்நாடு என்கிற இடத்தில், ரப்பர் கையுறை செய்யும் சின்ன ஆலை வைத்திருந்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து மூன்று தலைமுறையாகப் பலசரக்கு விற்ற குடும்பத்தில், ஆலை என்று ஒன்று வைத்த முதல் ஆள் அவர். அந்தத் திமிர் அவரிடம் நிறையவே இருந்தது. ஆலைக்குள்ளேயே, பாய்லர் ஷெட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், வீட்டைக் கட்டினார். ஆலையை விட்டுத் தள்ளிப் படுக்கிற முதலாளிக்கு ஆலை மிஞ்சாது என்பது அவர் கட்சி. பாய்லரின் சத்தம் ஒரு நிமிடம் மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவார். பக்கத்தில் படுத்திருக்கிறவளின் மூச்சுச் சத்தம் மாறியது அவர் காதில் விழச் சில வருடம் ஆனது.

தொண்ணூறுகள் முழுக்க அந்தப் பாய்லரில் ஃபர்னஸ் ஆயில் எரிந்தது. தார் மாதிரி கறுப்பான, கந்தக நாற்றம் பிடித்த எண்ணெய். காற்று மேற்கிலிருந்து வீசினால் புகை நேராக அக்காவின் அடுக்களைக்குத்தான் வரும். முதலில் இருமல் என்றார்கள். பிறகு அலர்ஜி என்றார்கள். கடைசியில் மெடிக்கல் காலேஜில் ஒரு டாக்டர் அம்மா அத்தானை உட்காரவைத்து, "இது இழுப்பு. இந்தப் புகைக்குள்ளேயே வச்சிருந்தா நீங்க இவங்களை அடிக்கடி இங்கே தூக்கிட்டு வர வேண்டியிருக்கும், ஒரு நாள் கொண்டுவர நேரம் கிடைக்காது" என்று சொன்னார். நான் அருகில்தான் நின்றேன். அத்தான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புகைக்குழாயை உயர்த்திப் பார்த்தார். நாற்றம் போகவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் பழைய பாய்லரைப் பிரித்து விற்றுவிட்டு கேஸ் பாய்லர் வைத்தார். ஷெட்டுக்குப் பின்னால் பெரிய சிலிண்டர்கள் வரிசையாக வந்து நின்றன. அன்றைய விலையில் அது சுத்தமான நஷ்டம். வீட்டுச் சிலிண்டருக்குத்தான் அரசாங்கத்தின் மானியம் உண்டு, ஆலைக்குக் கிடையாது. கொச்சியிலிருந்து குழாயில் கேஸ் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாறசாலைக்கு வந்தது சொல் மட்டும்தான். எனக்குக் கணக்குத் தெரியும் என்பதால் கேட்டேன். பாய்லர் வந்து இறங்குவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில்.

"அத்தான், இது கட்டுபடி ஆகாதே?"

"ஒனக்கு என்ன தெரியும்? வேல சுத்தம். எண்ணெய்க்காரனுக்க பின்னால அலைய வேண்டாம். லாபந்தான், கேட்டியா?"

அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. நான் விடாமல், "இப்படி மாறுகிறவர்களுக்கு வெளிநாட்டில் காசு கொடுக்கப் போகிறார்களாம், எங்கள் முதலாளி சொல்கிறார்" என்றேன். "வரட்டு, வந்தா வாங்கிப் பெட்டியில வச்சுக்குவோம்" என்று சிரித்தார். பின்னால் அந்த ஒரு பேச்சே எங்களுக்கு உதவும் என்று அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பார்த்தவனிடமெல்லாம் லாபம் லாபம் என்று சொல்லித் திரிந்தார். பாங்கில் சொன்னார். கையுறை வாங்க வந்த வியாபாரிகளிடம் சொன்னார். கல்யாண வீடுகளில் தாம்பூலம் வாங்கும் வரிசையில் நின்று சொன்னார். பெண்டாட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்பதற்காகப் பாய்லரை மாற்றியவன் என்று சாலைக் கடைத்தெருவில் பெயர் வாங்குவதைவிட, அவர் ஆலையை ஏலத்தில் விடுவதற்குச் சம்மதித்திருப்பார். எங்கள் ஆண்களின் வளர்ப்பு அப்படி. நஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்தால் புத்தி மட்டு என்பார்கள். அதையும் பெண்டாட்டிக்காகச் செய்தால் என்ன சொல்வார்கள் என்று எழுதுவதற்கு எனக்கு இப்போதும் கூசுகிறது.

அக்கா ஒழுங்காகத் தூங்கினாள். அது மட்டும் நடந்தது. அந்த மூன்று நான்கு வருடத்தில் அவள் மெடிக்கல் காலேஜ் பக்கமே போகவில்லை. நான் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆலையின் பின்வாசல் வழியாக வாய்க்கால்வரை நடப்போம். அதற்கு முன் அவளால் அடுக்களையிலிருந்து வாசலுக்கு நடக்க முடியாது.

பிறகு கேஸ் விலை ஏறியது. ஏறியது என்றால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளாமல் ஏறியது. அதே சமயம் தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி மலிவாகக் கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கையுறை செய்கிறவர்கள் அதற்கு மாறினார்கள், விலையைக் குறைத்தார்கள், அத்தானின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். நிலக்கரி ஏன் மலிவு? வெட்டும் கூலி அதில் சேர்ந்திருக்கிறது, கப்பல் வாடகை சேர்ந்திருக்கிறது, லாரிக்காரனின் படி சேர்ந்திருக்கிறது. சேராதது என் அக்காவின் நெஞ்சு மட்டும்தான். டுடோரியல் வகுப்பில் இதற்கு நான் புறவிளைவு என்று பெயர் சொல்லிக் கரும்பலகையில் அழகாகக் கோடு வரைந்திருக்கிறேன். அந்தக் கோட்டை அழித்து எழுதவேண்டும்போல் இருந்தது.

அத்தான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் போனில் சொன்னாள்.

"எட்டி, ஒரு பய வந்து ஷெட்ட அளந்துட்டுப் போறான். கல்கரி பாய்லர் வைக்கதுக்காம். அவிய என்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்கு இப்பமே நெஞ்சு அடைக்கது மாதிரி இருக்கு."

கல்கரி என்று அவள் சொன்னது நிலக்கரியை. அன்று மத்தியானமே முதலாளியிடம் போய் நின்றேன். அவர் மலையாளி. என்னிடம் பேசுவது தமிழ் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவர். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நிங்ஙள் அத்தான் லாஸில் மாறியது தன்னே?"

"நஷ்டம்தான் சார். நான் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்."

"மாறும்போள் ஈ கிரெடிட் காரியம் அவருக்குத் தெரியும்?"

"நானேதான் சொன்னேன்."

"அது மதி. அவர் வாயால் நஷ்டம் எந்நு பறஞ்ஞால் மதி. பேப்பர் ஒக்கெ நம்முடெ கையில்."

அத்தான் தன் வாயால் நஷ்டம் என்று சொன்னால் போதும், காகிதமெல்லாம் எங்கள் பொறுப்பு. எனக்கு வேண்டியதும் அதுதான். வெளிநாட்டுக் காசு வந்தால் கேஸும் நிலக்கரியும் ஏறக்குறைய ஒரே செலவாகிவிடும். பாய்லர் அப்படியே இருக்கும், அக்கா வீட்டில் இருப்பாள். அந்த வேலையில் நான் எழுதிய காகிதங்களிலேயே கணக்கில் பொய் இல்லாதது இது ஒன்றுதான். நிஜமாகவே நஷ்டத்துக்கு மாறிய ஒரே மனிதர் என் அத்தான். மற்றவர்களுக்கு நான் நஷ்டத்தைச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது, இவரிடம் அது தயாராக இருந்தது.

பாறசாலைக்குப் போய் அவரிடம் விளக்கினேன். ஆலை ஆபீஸ் அறையில், மின்விசிறிக்கு அடியில், அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்பம் நான் என்ன சொல்லணும்?"

"உள்ளதைச் சொன்னால் போதும். டாக்டர் சொன்னார், அக்காவுக்குப் புகை ஆகவில்லை, நஷ்டமென்று தெரிந்தும் மாறினேன், இப்படி ஒரு காசு வருமென்று கேள்விப்பட்டதால் தைரியமாக இறங்கினேன். அவ்வளவுதான்."

"அக்கா காரியம் என்னத்துக்கு?"

"அதுதானே காரணம்?"

"சரி, சரி. பாப்போம்" என்றார். அவர் சரி என்றதை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

சரிபார்க்க வந்தவர் சென்னைக்காரர். ஏதோ வெளிநாட்டுச் சான்றிதழ் கம்பெனியின் ஆள். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, லேப்டாப், மரியாதையான பேச்சு. அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, அது இன்னும் எரிச்சல். காலையில் ஆலையைச் சுற்றிப் பார்த்தார், சிலிண்டர்களைப் பார்த்தார், மீட்டரைப் படம் எடுத்தார். மதியம் அக்கா அவியலும் எரிசேரியும் பப்படமுமாகச் சாப்பாடு போட்டாள். அந்த அறையில் அத்தானின் தம்பி இருந்தார், ஆலை சூப்பர்வைசர் இருந்தார், ரப்பர் பால் சப்ளை செய்கிற நாகர்கோவில் வியாபாரிகள் இருவர் இருந்தார்கள். அவர்களை ஏன் அன்றைக்கு வரச் சொன்னார் என்று நான் அத்தானிடம் கேட்டதற்கு, வெளியூர்க்காரன் வரும்போது நாலு பேர் இருந்தால்தான் மதிப்பு என்றார். என்னோடு வந்திருந்த என் முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல.

சாப்பிட்டு முடித்ததும் சென்னைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார்.

"சார், கடைசியா ஒரு சின்ன கேள்விதான். நீங்க ஏன் கேஸுக்கு மாறினீங்க? உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க."

அத்தான் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், வியாபாரிகளைப் பார்த்தார். அடுக்களை நிலைப்படியில் மோர்ச் செம்போடு அக்கா நின்றாள். அவளைப் பார்க்கவில்லை.

"என்னத்துக்கு மாறுவாவ? லாபத்துக்குத்தான்."

நான் இருமினேன். என் முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சென்னைக்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"லாபமா சார்? இவங்க கொடுத்திருக்கிற பேப்பர்ல நஷ்டம்னு இருக்கே?"

"நஷ்டத்துக்கு வியாபாரம் செய்யதுக்கு எனக்கு என்ன கிறுக்கா? அதெல்லாம் இவ எழுதினது. வேல சுத்தம், ஆள் கொறவு, சரக்கு நல்லா வருது. அன்னைக்கே கணக்குப் பாத்துத்தான் எறங்கினேன்."

"இந்த கார்பன் கிரெடிட் பத்தி அப்போ யோசிச்சீங்களா?"

"யாரோ குடுக்கப்போற காச நம்பி நான் ஆல நடத்தல."

நாகர்கோவில் வியாபாரி ஒருவர், "அதாக்கும் ஆம்பள" என்று தொடையைத் தட்டினார். அத்தானின் முகம் மலர்ந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். அக்கா செம்பை நிலைப்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் முன்னால் கணவன் சொல்லை மறுத்துப் பேசுவது எங்கள் வீடுகளில் இல்லை. மூச்சே போனாலும் இல்லை.

சென்னைக்காரர் அதையெல்லாம் டைப் செய்துகொண்டார். போகும்போது என்னிடம் மட்டும், "மேடம், இவ்வளவு நேர்மையா பதில் சொன்ன க்ளையன்ட் எனக்கு இதுதான் ஃபர்ஸ்ட்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவரை அடிக்கத் தோன்றியது.

எல்லோரும் போனபின் நான் பாய்லர் ஷெட்டின் முன்னால் வைத்து அத்தானைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"பொய் சொன்னீர்களே, எதற்கு? காசு வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே? ஒரு வாரம் என்னை ஏன் நாய்போல் அலையவிட்டீர்கள்?"

"மெதுவாப் பேசு. ஆளுவ கேக்குது."

"கேட்கட்டும். அக்காவுக்காக மாற்றினேன் என்று சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெட்கமா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"பொண்டாட்டிக்க மூச்ச வச்சு நான் வெளிநாட்டுக்காரன்ட்டக் காசு வாங்கணும், இல்லியா? அத எழுதி, சீல் வச்சு, நாலு ஊருக்கு அனுப்புவ. அதுக்கு நீ ஆள மாத்திப் பாரு."

அதில் ஒரு மானம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மானத்துக்கான விலையைக் கொடுக்கப்போகிறவள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் திரும்ப வந்துவிட்டது.

விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம் எழுதியிருந்தார்கள்: உரிமையாளர் தன் சொந்த லாபத்துக்காக மாறியிருக்கிறார், ஆகவே இந்தக் குறைவு எப்படியும் நிகழ்ந்திருக்கும். அதே வாரம், நகரத்துக்கு வடக்கே வருடக்கணக்காக நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆலைக்கு அனுமதி கிடைத்தது. அந்த முதலாளிக்கு எப்படித் துக்கமாகப் பேசவேண்டும் என்று நான்தான் பயிற்சி கொடுத்திருந்தேன். அவர் கேஸுக்கு மாற எப்படியும் தீர்மானித்திருந்தார் என்று எனக்கும் தெரியும், எங்கள் முதலாளிக்கும் தெரியும், கீழே பேக்கரியில் பஃப்ஸ் விற்கிறவனுக்கும் தெரியும். அழத் தெரிந்தவருக்குக் கிடைத்தது. எங்கள் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள்.

முதலாளி லட்டைக் கடித்துக்கொண்டே என்னிடம் ஒரு யோசனை சொன்னார்.

"நிங்ஙள் அத்தான் இனி ஒரு காரியம் செய்யட்டும். ரெண்டு மூணு வருஷம் கல்கரி எரிக்கட்டும். பின்னே கேஸுக்கு மாறட்டும். அப்போள் ஃபர்ஸ்ட் கிளாஸ் ப்ராஜெக்ட். ஞான் செய்து தராம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விதிப்படி அது முற்றிலும் சரி. முன்பே திருந்தியவனுக்கு எடுத்துக்காட்ட ஒரு பாவம் இல்லை. முதலில் கெட்டுக் காட்டு, அப்புறம் திருந்துவதற்குக் கூலி வாங்கிக்கொள். ஒரு நாட்டின் கொள்கையும் உலகத்தின் ஒப்பந்தமும் சேர்ந்து, ஏசி ஒழுகும் அந்த அறையில் லட்டுத் தூளோடு என் முன்னால் நின்ற லட்சணம் அதுதான். அந்த மாதச் சம்பளத்தோடு வேலையை விட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இருக்கப் பிடிக்கவில்லை.

சில வாரத்தில் கேஸ் பாய்லரைப் பிரித்தார்கள். தூத்துக்குடி லாரி வந்து ஷெட்டுக்குப் பக்கத்தில் நிலக்கரியைக் கொட்டியது. எண்ணெய்க்குப் புகை மட்டும்தான், இதற்குப் புகையும் உண்டு தூசியும் உண்டு. துணி காயப்போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது. அக்கா தாக்குப்பிடித்துப் பார்த்தாள். ஒரு விடியற்காலையில் உதடு நீலம் பாய்ந்தவளை ஜீப்பில் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுவந்தார்கள். அதே டாக்டர் அம்மா. அத்தானைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆனதும் அக்கா ஜீப்பில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் நான் குடியிருந்த வாடகை மாடிக்கு வழி சொன்னாள். அத்தான் மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

அதன்பின் அவள் ஆலைக்குத் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்றுமில்லை. கேட்டவர்களிடம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று தங்கியிருக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் வருவார். ஆலையிலிருந்தே தேய்த்துக் குளித்துவிட்டு வருவார், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும், சட்டையை உதறினால் நாற்றம் வரும். அவர் உட்கார்ந்த நாற்காலியை அவர் போனதும் அக்கா ஈரத்துணியால் துடைப்பாள். ஆலை நன்றாக ஓடியது. கையுறைகள் எங்கெங்கோ ஏற்றுமதி ஆயின. எல்லைக்கு அந்தப் பக்கம் போன வாடிக்கைக்காரர்கள் திரும்ப வந்தார்கள். இரவில் தனியாகச் சோறு வைத்துச் சாப்பிடுகிறார் என்று சூப்பர்வைசர் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்து நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு யாருமில்லை, தம்பி இல்லை, வியாபாரிகள் இல்லை. அத்தான் அக்காவைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குக் கேஸு வச்சது ஒனக்காகத்தான், கேட்டியா? லாபமெல்லாம் ஒண்ணும் கெடயாது."

அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்ததும் அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவன் ஒருத்தன் மெட்ராஸ்லேருந்து வந்து கேட்டான். அவன்ட்ட சொல்லியிருந்தா நான் இப்பம் என் வீட்டுல இருப்பேன்."